4.40 மணிக்கே காலியாகும் பஃப்ஸ் தட்டு

கேள்வி: உடுமலைப்பேட்டையில் 11 வருடமாக பேக்கரி நடத்துகிறேன். மூன்று வருடமாக பில்லிங் மெஷினும் இருக்கிறது. போன மாதம் ஒருவர் வந்து, 'நாளைக்கு எது எவ்வளவு விற்கும் என்று செயற்கை நுண்ணறிவே சொல்லிவிடும், வருடத்துக்கு 60,000 ரூபாய்' என்றார். பி.காம். முடித்த என் மகன் வாங்கியே ஆகவேண்டும் என்கிறான். நான் தினமும் 60 முட்டை பஃப்ஸ் போடுகிறேன், 60-ம் விற்றுவிடுகிறது. இதில் கம்ப்யூட்டர் புதிதாக என்ன சொல்லப்போகிறது? யார் சொல்வது சரி?
– பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தில் உறுத்தியதே அந்த 60-தான். போட்டது 60, விற்றது 60 என்றால் தேவையும் 60 என்று எப்படிச் சொல்வது? அதற்கு மேல் எத்தனை பேர் கேட்டார்கள் என்பது மெஷினுக்குத் தெரியாது. பஃப்ஸ் இல்லை என்று திரும்பிப் போனவருக்கு யார் பில் போடுகிறார்கள்?

ஆனால் பில்லில் ஒரு துப்பு உண்டு: நேரம். கடைசி முட்டை பஃப்ஸ் எத்தனை மணிக்குப் போனது என்று 20 நாள் பில்களைப் பார்த்து மகனை எழுதச் சொல்லுங்கள். ராத்திரி எட்டரை என்றால் உங்கள் கணக்கு சரி. 4.40 என்றால், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வந்து நிற்கும்போது உங்கள் கண்ணாடிப் பெட்டியில் வெறும் தட்டும் கொஞ்சம் தூளும்தான் இருந்திருக்கிறது.

ஜப்பானில் செவன் இலெவன் என்ற கடைத்தொடர் 1982-லேயே கடைகளில் பில் விவரங்களைத் திரட்டும் மெஷின்களை வைக்க ஆரம்பித்தது. சரக்கு எவ்வளவு என்பதை மட்டும் மெஷினிடம் விட்டுவிடவில்லை. நாளைக்கு வெயிலா மழையா, பக்கத்துப் பள்ளியில் விளையாட்டு விழாவா என்று யோசித்து, பகுதிநேர ஊழியர்கூட ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண்ணிக்கை சொல்வார். விற்பனையைப் பார்த்து, நினைத்தது நடந்ததா என்று சரிபார்ப்பார். நம் ஊர்க் கடைக்கும் இந்த வழி பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

சரி, எத்தனை போடுவது? ஒரு பஃப்ஸ் 20 ரூபாய், அடக்கம் 11 என்று வைத்துக்கொள்வோம். ஒன்று மிஞ்சினால் 11 ரூபாய் நஷ்டம். ஒருவர் கேட்டு இல்லாமல் போனால் 9 ரூபாய் லாபம் போச்சு. 20 நாளில் 11 நாள் தட்டு காலியாகிறது என்றால், ஒன்று கூட்டிப் போட்டால் அந்த 11 நாளில் 99 ரூபாய் லாபம், மற்ற 9 நாளில் 99 ரூபாய் நஷ்டம், சரிக்குச் சரி. இந்தக் கணக்குப்படி, 11 நாளுக்கு மேல் காலியானால் கூட்டிப் போடலாம். அதற்குக் குறைவென்றால் வேண்டாம், சில நாள் காலியாவது நல்லதுதான். பஃப்ஸ் இல்லை என்று போகிறவர் கூடவே குடிக்கும் டீயையும் விட்டுவிட்டுத்தான் போகிறார் என்பதால், நான் என்றால் பத்து நாள் காலியானாலே கூட்டிவிடுவேன். டீ கேக்குக்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம், அது மறுநாளும் விற்கும்.

இதெல்லாம் பில் ஒழுங்காகப் போட்டால்தான். எனக்குத் தெரிந்த ஒரு கடையில் முட்டை பஃப்ஸ், காய்கறி பஃப்ஸ், சம்சா மூன்றும் ஒரே விலை. கல்லாவில் இருந்த பையன் எது கேட்டாலும் 'பஃப்ஸ்' பட்டனையே அழுத்தியிருக்கிறான். இரண்டு வருடத் தகவல், ஒன்றுக்கும் உதவவில்லை. உங்கள் கடையில் நிலவரம் எப்படி என்று முதலில் பாருங்கள். அந்தக் குப்பையைக் கொடுத்தால் 60,000 ரூபாய் மென்பொருளும் குப்பையைத்தான் திருப்பித் தரும்.

அப்புறம் நாள்காட்டி. புரட்டாசியில் முட்டை பஃப்ஸ் படுத்துவிடும், கார்த்திகையில் மாலை போட்டவர்கள் தொடமாட்டார்கள். இது உங்களுக்குத் தெரியும், பில்லில் இருக்காது. தைப்பூசம் 2024-ல் ஜனவரி 25, 2025-ல் பிப்ரவரி 11. பழனிக்கு நடந்து போகிறவர்கள் உங்கள் ஊர் வழியாகப் போகும் அந்த நாட்களை, போன வருடம் இதே தேதியில் என்ன விற்றது என்று மட்டும் பார்க்கும் மென்பொருள் கோட்டை விட்டுவிடும். மகன் எக்செல் தாளில் தேதிக்குப் பக்கத்தில் ஒரு பத்தி போட்டு இதையெல்லாம் எழுதட்டும். செலவு கிடையாது.

பிறந்தநாள் கேக் ஆர்டரில் தேதியும் போன் நம்பரும் இருக்கும். அடுத்த வருடம் ஞாபகப்படுத்தலாமா என்று கேட்டுவிட்டு, ஒரே ஒரு வாட்ஸ்அப் அனுப்புங்கள். தினமும் 'இனிய காலை வணக்கம்' வேண்டாம்.

ஆக, உங்கள் மகன் சொல்வதிலும் நியாயம் உண்டு, ஆனால் இப்போதே வாங்குவது அவசரப்படுவதுதான். ஆறு மாதம் கழித்து அந்தக் கம்பெனிக்காரரைக் கூப்பிட்டு, உங்கள் கடைத் தகவலை வைத்து ஒரு மாதம் இலவசமாகக் கணித்துக் காட்டச் சொல்லுங்கள். மகன் போட்ட கணக்கைவிட நெருக்கமாக வந்தால் பணம் கொடுக்கலாம்.

அதுவரை கல்லாப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கட்டும். 'இல்லை' என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பொருளின் பெயருக்கு நேரே ஒரு கோடு. மாஸ்டரிடம் கொடுக்காதீர்கள், அவர் அடுப்பை விட்டு வரமாட்டார். 'இல்லை' சொல்பவரே கிழிக்கட்டும்.