ரோட்டில் கிடக்கும் ஒரு ரூபாயைக் குனிந்து எடுக்கலாமா?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். நாள் கூலி 600 ரூபாய். ரோட்டில் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் கிடந்தால் எடுத்துக்கொள்வது சின்ன வயதிலிருந்தே பழக்கம். போன வாரம் பழைய பஸ் ஸ்டாண்டில் அப்படிக் குனிந்தபோது, எட்டாவது படிக்கிற என் மகள் "அப்பா, எல்லாரும் பாக்குறாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். தெருக்காசு வீட்டுக்கு ஆகாது என்கிறார் அம்மா. இரண்டு மாதத்துக்கு முன்பு ஏற்காடு படகு இல்லத்தில் 500 ரூபாய் நோட்டு ஒன்று கிடைத்தது. மனசு கேட்காமல் கோயில் உண்டியலில் போட்டுவிட்டேன். இந்தப் பழக்கத்தால் பிரயோஜனம் உண்டா, விட்டுவிடலாமா?

பதில்: எடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் கூலியை வைத்தே கணக்குப் போடுவோம். எட்டு மணி நேரத்துக்கு 600 என்றால் மணிக்கு 75 ரூபாய். குனிந்து நிமிர ஐந்து விநாடி ஆகிறது. அந்த ஐந்து விநாடிக்குப் பட்டறையில் உங்களுக்குக் கிடைப்பது சுமார் 10 காசு. தரையில் கிடப்பது 100 காசு. பத்து மடங்கு கூலி தருகிற வேலையை யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

ஆனால் வாரத்துக்கு இரண்டு ரூபாய் கிடைத்தாலும் வருடத்துக்கு 104 ரூபாய்தான். இதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது, உங்களுக்கும் அது தெரியும். நான் பார்ப்பது, தரையில் கிடக்கும் காசைக் கவனிக்கிற உங்கள் கண், கையில் இருக்கிற சில்லறையையும் கவனிக்கிறதா என்பதைத்தான். மளிகைக் கடையில் இரண்டு ரூபாய்க்குப் பதில் மிட்டாய். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் பின்னால் பாக்கியை எழுதித் தந்து, நீங்கள் மறந்து இறங்கிய நாட்கள். டீக்கடையில் "நாளைக்கு வாங்கிக்கங்க". அப்புறம் வீட்டில் டி.வி. மேல், சட்டைப் பையில், சாமி படத்துக்குக் கீழே தூங்குகிற நாணயங்கள். ஒரு வாரம் ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பாருங்கள். ஒரு நாளைக்குப் பத்து ரூபாய் தேறினால் மாதம் 300. அஞ்சலகத்தில் மாதாமாதம் கட்டிச் சேமிக்கிற ஐந்து வருட ஆர்.டி. கணக்கில் மாதம் 300 போட்டால், 6.7 சதவீத வட்டிக் கணக்கில் நீங்கள் கட்டுவது 18,000, கையில் வருவது ஏறக்குறைய 21,400. மாதம் 100 ரூபாயிலேயே அந்தக் கணக்கைத் தொடங்கலாம்.

கிடைக்கிற நாணயம் செல்லுமா என்ற கேள்வியும் வரும். 25 காசும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. 50 காசு இன்றும் செல்லும், கடைக்காரர் முகம் சுளித்தாலும். நம்மூரில் பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மறுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதுவரை வெளியான 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. கடையில் தகராறு வேண்டாம், சேர்த்து வைத்து வங்கியில் போடுங்கள். வங்கி வாங்க மறுக்கக் கூடாது. வைஷ்ணவ தேவி உருவம் போட்ட நாணயம் கிடைத்தால், "லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள்" என்று போனில் சொல்பவர்களை மட்டும் நம்பாதீர்கள். தன் பெயரைச் சொல்லிப் பழைய நாணயத்துக்குக் கமிஷன் கேட்பவர்களிடம் ஏமாற வேண்டாம் என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரித்திருக்கிறது.

இப்போது, எப்போது குனியக் கூடாது என்பது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் உங்கள் தொழிலுக்கு இது நேராகப் பொருந்தும். வங்கி வாசலில் பணம் எடுத்து வருகிறவர் முன்னால் நாலைந்து பத்து ரூபாய் நோட்டுகளைச் சிதறவிட்டு, "அண்ணே, உங்க பணம் கீழ விழுந்து கிடக்கு" என்பார்கள். அவர் குனிந்து பொறுக்கி நிமிரும்போது வண்டியில் மாட்டியிருந்த பை இருக்காது. தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் நடந்த திருட்டு இது. செய்து முடித்த கொலுசைக் கடையில் கொடுக்க வண்டியில் எடுத்துப் போகும் நாளில், தரையில் என்ன கிடந்தாலும் பார்க்காதீர்கள். யார் கூப்பிட்டாலும் வண்டியை நிறுத்தாதீர்கள். நின்றே ஆக வேண்டும் என்றால் முதலில் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அப்புறம் பேசுங்கள்.

ஆயுத பூஜையன்று ரோட்டில் உடைக்கும் திருஷ்டிப் பூசணிக்காயும் அப்படித்தான். குங்குமத்தில் தோய்ந்த நாணயங்கள் நடு ரோட்டுக்குச் சிதறும், பிள்ளைகள் வண்டி வருவதைப் பார்க்காமல் ஓடுவார்கள். ஐந்து ரோடு பக்கம் ஒரு பையன் சிவந்த கையோடு ஒரு வேன் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றதைப் பார்த்திருக்கிறேன். அவன் விரல்களுக்குள் இருந்தவை இரண்டு ஒற்றை ரூபாய்கள். இன்று நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. நாணயம் போகட்டும்.

அம்மா சொல்வதை இதோடு சேர்த்தே பாருங்கள். முச்சந்தியில் கழித்துப் போட்ட காசு, இறுதி ஊர்வலத்தில் பொரியோடு இறைத்த காசு ஆகியவற்றைத் தொட வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னால் விட்டுவிடுங்கள். ஒரு ரூபாய்க்காக அவர் மனதைச் சங்கடப்படுத்த வேண்டியதில்லை. பஸ் ஸ்டாண்டில் யாரோ தவறவிட்ட காசு அந்த வகையில் சேராது என்பதையும் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள்.

500 ரூபாய் விஷயத்தில் உங்கள் மனசு சரி, வழிதான் கொஞ்சம் மாறிவிட்டது. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 403-வது பிரிவில் இதற்கு உதாரணமே கொடுத்திருந்தது: நெடுஞ்சாலையில் ஒரு ரூபாயைக் கண்டெடுக்கிறவர், அது யாருடையது என்று தெரியாவிட்டால், எடுத்துக்கொள்வது குற்றமில்லை. உரியவர் யாரென்று தெரிந்தும், அல்லது தெரிந்துகொள்ள வழியிருந்தும் நியாயமான முயற்சி செய்யாமல், தனதாக்கிக்கொண்டால் குற்றம். 2024 ஜூலையிலிருந்து இது பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-வது பிரிவு. படகு இல்லத்தில் டிக்கெட் கவுன்டர் இருக்கிறது. அங்கே சொல்லி, பெயரையும் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்திருந்தால், தவறவிட்டவர் திரும்பி வந்து கேட்டிருக்கலாம். உண்டியலில் விழுந்த பணம் அவருக்குத் திரும்பாது. பர்ஸ் கிடைத்தால் பக்கத்துக் காவல் நிலையம்தான்.

மகளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த வயதுக்கு அந்தக் கூச்சம் வரும். ஒரு சாயங்காலம், பட்டறை கூட்டுகிற நேரத்தில் அவளை அழைத்துப் போங்கள். அராவும்போது உதிர்ந்த வெள்ளித் தூளைத் தரையிலிருந்து, பாய் மடிப்பிலிருந்து, தட்டிய துணியிலிருந்து நீங்கள் சேர்த்தெடுத்து உருக்கக் கொடுப்பதை அவள் பார்க்கட்டும். விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம். அடுத்த சனிக்கிழமை வீட்டுச் சில்லறையை அவளையே எண்ணச் சொல்லுங்கள். பத்து வயது தாண்டிய பிள்ளைகள் அஞ்சலகத்தில் தங்கள் பெயரிலேயே ஆர்.டி. தொடங்கலாம். ஆதார் அட்டையும் இரண்டு போட்டோவும் எடுத்துக்கொண்டு இருவரும் போய் வாருங்கள். விண்ணப்பத்தில் கையெழுத்தை அவளே போடட்டும்.