தொட்டிக்கு எத்தனை மீன்? மலையகத்திலிருந்து வந்த கேள்விகள்

ஹட்டன்: அண்ணே, இரண்டடித் தொட்டி வாங்கியிருக்கேன். 24க்கு 12க்கு 12 அங்குலம். எத்தனை கப்பி விடலாம்?

அளவுப்படி 56 லீற்றர். மண், கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக 45 லீற்றர்தான் நிற்கும். ஒரு ஸ்பாஞ்ச் பில்டரும் ஹீட்டரும் இருந்தால் 10 ஆண் கப்பி விடலாம். எல்லாமே ஆணாகப் பார்த்து எடுங்கள். கடையில் வாங்கும் பெண் பெரும்பாலும் சினையாகவே வரும். ஏறக்குறைய மாதம் ஒரு தடவை 20, 30 குஞ்சு போடும். ஆணைப் பிரித்து வைத்தாலும், உடம்பில் தங்கிய விந்தைக் கொண்டே மாதக்கணக்கில் ஈனும். பத்தையும் ஒரே நாளில் கொட்டவும் வேண்டாம். முதலில் 3, இரண்டு கிழமை கழித்து இன்னும் 3 என்று விடுங்கள். கழிவைச் சிதைக்கும் பக்டீரியா மெதுவாகத்தான் பெருகும்.

பண்டாரவளை: ஒரு கலன் (கேலன்) தண்ணீருக்கு ஓர் அங்குல மீன் என்கிறார்களே, சரியா?

சின்ன, ஒல்லி மீனுக்கு ஓரளவு பொருந்தும். மற்றதற்கு ஏமாற்றும். ஒரே உடல்வாகில் நீளம் 3 மடங்கானால் எடை 27 மடங்கு. கழிவும் எடையைப் பார்த்துத்தான் கூடும், நீளத்தைப் பார்த்து அல்ல. வாங்கும்போது இருக்கும் அளவை விடுங்கள், வளர்ந்தால் எவ்வளவு என்று கேளுங்கள்.

நுவரெலியா: குளிர்ந்த தண்ணியில் ஒட்சிசன் அதிகம்தானே? அப்போ கோல்ட் பிஷ் கொஞ்சம் கூடுதலா விடலாமா?

பாதிதான் உண்மை. நீங்கள் இருப்பது 1,868 மீற்றர் உயரத்தில். காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் 80 வீதம் அளவே, கரையும் ஒட்சிசனும் அந்த அளவுக்குக் குறையும். 16 பாகை நுவரெலியாத் தண்ணீரும் 28 பாகை கொழும்புத் தண்ணீரும் லீற்றருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராமில் வந்து நிற்கும். குளிரால் கிடைத்ததை உயரம் எடுத்துவிடுகிறது. ஹீட்டர் போட்டு 26 பாகைக்கு ஏற்றினால் 6.5தான். மூன்றடித் தொட்டியில் வட்ட உடம்புக் கோல்ட் பிஷ் இரண்டு, அதற்கு மேல் வேண்டாம். ஹீட்டர் தேவையில்லை.

தலவாக்கலை: பீலித் தண்ணிதான் ஊத்துறோம். ஏழு மாசம் 25 மீன் நல்லா இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை முக்கால்வாசித் தண்ணிய மாத்தினேன், விடியக்குள்ள 11 செத்திருச்சு. தண்ணியில மருந்து கலந்திருக்குமா அண்ணே?

தோட்டத்துக்கு அடிக்கும் மருந்தை முற்றாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் நீங்கள் சொல்லும் வரிசை வேறு ஒன்றைக் காட்டுகிறது. ஊற்றுத் தண்ணீர் மென்மையானது, புளிப்பை அடக்கும் காபனேற்று மிகக் குறைவு. மீன் கழிவில் வரும் அமோனியாவை மாற்றும் பக்டீரியா அந்தக் காபனேற்றைச் செலவழித்தே வேலை செய்யும். மீன் அதிகமானால் சீக்கிரம் தீர்ந்துவிடும். பிறகு பிஎச் (குறையக் குறையப் புளிப்பு) 6க்குக் கீழ் இறங்கும், பக்டீரியாவும் ஏறக்குறைய ஓய்ந்துவிடும். அமோனியா சேர்ந்துகொண்டே போகும். புளித்த தண்ணீரில் அது நஞ்சு குறைந்த அமோனியமாக இருப்பதால் மீனுக்கு உடனே தெரியாது. நீங்கள் பிஎச் 7 உள்ள புதுத் தண்ணீரை ஊற்றியதும் அதில் நஞ்சாக மாறும் பங்கு சுமார் பத்து மடங்கு கூடும். புதுத் தண்ணீரைக் குறை சொல்லிப் பயனில்லை, கோளாறு பழைய தண்ணீரில்.

மிஞ்சிய மீனுக்கு இரண்டு நாள் தீனி வேண்டாம். ஒரு கிழமைக்குத் தினமும் 10 வீதம் மட்டும் மாற்றுங்கள், ஊற்றும் தண்ணீர் தொட்டியின் சூட்டிலேயே இருக்கட்டும். 100 கிராம் நொறுக்கிய பவளக்கல்லோ கழுவிய சிப்பி ஓடோ ஒரு வலைப்பையில் கட்டி, பில்டரின் குமிழ் போகும் வழியில் வையுங்கள். பிஎச் மெதுவாக ஏறும், மெதுவாக ஏறுவதுதான் நல்லது. மிஞ்சிய 14க்கு மேல் இனி சேர்க்க வேண்டாம்.

அதே ஊர்: தோட்டத்துக்குப் போடுற டொலமைட் சுண்ணாம்புத் தூள் கைவசம் இருக்கு, அதைப் போடலாமா?

வேண்டாம். தூள் கரையாமல் மிதந்து தண்ணீரைக் கலக்கும். உரச் சாக்குகளோடு கிடந்ததென்றால் யூரியா ஒட்டியிருக்கவும் கூடும்.

பதுளை: பெரிய பில்டர் போட்டால் இரண்டு மடங்கு மீன் விடலாம்தானே?

கரண்ட் இருக்கும்வரை. நின்றதும் நிறைந்த தொட்டியில் ஒட்சிசன் சில மணி நேரத்திலேயே தீரும், மூடிய பில்டருக்குள் பக்டீரியாவும் சாகத் தொடங்கும். நீண்ட நேரம் நின்றிருந்தால் உள்ளே தேங்கியதைக் கொட்டி, பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசிப் பிறகு போடுங்கள். பற்றரி ஏர் பம்ப் ஒன்று வைத்திருப்பது நல்லது. அதை நம்பி மீனைக் கூட்டாதீர்கள்.

நாவலப்பிட்டி: தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கிய சக்கர் ஓரடி வந்துவிட்டது. மகாவலியில் விட்டுவிடவா?

விடவே கூடாது. தென்னமெரிக்க மீன் அது, நம் ஆற்றில் பெருகினால் திரும்ப எடுக்க முடியாது. கடைக்காரரிடம் கொடுங்கள், அல்லது பெரிய சீமெந்துத் தொட்டி வைத்திருப்பவரிடம். இந்த மீன் பாசியைத் தின்றாலும் நிறையக் கழிக்கும். சுத்தம் செய்வது நீங்கள்தான்.

மஸ்கெலியா: டெஸ்ட் கிட் இல்லை. மீன் கூடிப்போச்சு என்று எப்படித் தெரியும்?

விடிகாலையில், விளக்குப் போடுமுன் பாருங்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் ஒட்சிசன் போதவில்லை. பம்ப் குமிழ் உடையாமல் நுரையாக நின்றால் கழிவு கூடிவிட்டது. கிழமைக்கு 25 வீதம் மாற்றியும் மூன்றாம் நாளே வாடை வந்தால் மீனைக் குறையுங்கள். கிட் கிடைத்தால் அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியம், நைத்திரேற்று லீற்றருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழ். முதலில் வாங்குவதானால் அமோனியா, பிஎச் இரண்டையும் வாங்குங்கள்.