பேய்க்குத் தலை கொடுத்தவர்கள்: விஆர் திகில் விளையாட்டுகள் பற்றிய கேள்வி-பதில்

பள்ளி விடுமுறை வந்தால் போதும், டர்பன் பக்கத்திலிருந்து வரும் கேள்விகளில் பாதி விஆர் ஹெட்செட் பற்றியவைதான்; கண்ணை மறைத்துத் தலையில் மாட்டிக்கொண்டால், விளையாட்டுக்கு உள்ளேயே நிற்பதுபோல் காட்டும் மெய்நிகர் கருவி அது. இம்முறை பேய்களும் சேர்ந்துகொண்டன.

பெரிய டிவியில் எல்லாத் திகில் விளையாட்டுகளையும் ஆடி முடித்தவன் நான். விஆரில் கூடுதலாக என்ன கிடைத்துவிடப் போகிறது?
– வாசகர், சாட்ஸ்வொர்த்

கழுத்து வலி. கேலிக்காகச் சொல்லவில்லை. ‘ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ்’ விளையாட்டில் வரும் சீமாட்டி டிமிட்ரெஸ்குவின் உயரம், தொப்பியும் குதிகால் செருப்பும் சேர்த்து, சுமார் 2.9 மீட்டர். டிவியில் பார்த்தால் அவள் இரண்டு சாண் பொம்மை. 2023இல் சோனியின் பிஎஸ் விஆர் 2 ஹெட்செட்டுக்கு வந்த பதிப்பில் அவள் வாசற்படியில் குனிந்து நுழைந்து நிமிரும்போது, நீங்கள் அண்ணாந்துதான் பார்த்தாக வேண்டும். நம்மைவிடப் பெரிய ஒன்று எதிரே நிற்கிறது என்பதை மூளைக்கு முன்னால் கழுத்து புரிந்துகொள்கிறது.

அடுத்தது கை. 2020இல் வந்த ‘ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்’ முழுத் திகில் விளையாட்டு அல்ல. ஆனாலும் அதில் ‘ஜெஃப்’ என்ற அத்தியாயத்தை மிஞ்ச இன்னும் ஆள் வரவில்லை என்பது என் கருத்து. பழைய சாராய ஆலை ஒன்றில் கண் தெரியாத, ஆனால் காது கூர்மையான ஒரு பிராணி உலவுகிறது. அது காற்றில் கிளப்பும் தூள் பட்டால் உங்கள் பாத்திரத்துக்கு இருமல் வரும். இருமினால் பிராணி ஓடி வரும். தடுக்க ஒரே வழி, உங்கள் கையை நிஜமாகவே தூக்கி வாயைப் பொத்துவது. மிச்சமிருக்கும் ஒரு கையால் கதவைத் திறக்க வேண்டும், அலமாரியிலிருந்து உருளும் புட்டியைப் பிடிக்க வேண்டும். என் தம்பி மகன் அதை ஆடி முடித்து ஹெட்செட்டைக் கழற்றிய பிறகும், கன்ட்ரோலரைப் பிடித்த இடக்கை வாயை விட்டு இறங்கவே இல்லை. திடீரென்று முகத்துக்கு நேரே அலறுவதை எந்தப் பொம்மையும் செய்துவிடும். உங்கள் உடம்பையே உங்களுக்கு எதிராகத் திருப்புவதுதான் விஆரின் தனிச் சரக்கு.

பத்தே நிமிடத்தில் குமட்டுகிறது, ஐயா. இது பயமா, வேறு ஏதாவதா?
– கல்லூரி மாணவர், பீனிக்ஸ்

பயம் இல்லை தம்பி, காது. ‘நடக்கிறாய்’ என்று கண் சொல்கிறது. ‘நின்ற இடத்தில்தான் நிற்கிறாய்’ என்று உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு சொல்கிறது. இந்தச் சண்டையில் வயிறு மாட்டிக்கொள்கிறது. ஓடும் காரில் புத்தகம் படிப்பவருக்கும் இதே தொல்லைதான். அங்கே கண்ணும் காதும் கட்சி மாறி நிற்கின்றன, அவ்வளவே.

அமைப்புகளுக்குள் போய், திரும்புவது வழுக்கிக்கொண்டு போகாமல், ஒவ்வொரு கோணமாகச் சட்டென்று வெட்டித் திரும்பும்படி மாற்றுங்கள். நகரும்போது பார்வையின் ஓரத்தை இருட்டாக்கும் வசதியையும் போடுங்கள். லென்ஸ்களின் இடைவெளியைக் கண்களுக்குத் தக்கபடி சரிசெய்யுங்கள். எதிரே ஒரு மின்விசிறி ஓடட்டும்; டர்பன் புழுக்கத்துக்கும் நல்லது, எந்தப் பக்கம் நிற்கிறோம் என்றும் தெரியும். நெற்றியில் முதல் வியர்வை துளிர்த்ததுமே நிறுத்திவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினால் பழகிவிடும் என்பது வெறும் வீம்பு.

நடக்காமல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும் முறையில் குமட்டல் பெரும்பாலும் இராது. பயமும் இராது. துரத்தி வரும் பிணத்தை ஒரு பொத்தானில் தாண்டிவிடலாம் என்றால் அது என்ன துரத்தல்? இந்த வகை விளையாட்டுகளின் தீராத முடிச்சு இதுதான்.

விளக்கை அணைத்துவிட்டு ஆடினால் திகில் கூடுமா? மின்வெட்டு நேரத்தில் ஆடலாமா?
– வாசகர், டொங்காட்

கூடாது. ஹெட்செட்டை மாட்டியதும் வெளிச்சம் எப்படியும் மறைந்துவிடும். ஆனால் அதன் முகப்பிலுள்ள கேமராக்கள் சுவரையும் மேசை விளிம்பையும் பார்த்துத்தான் நீங்கள் நிற்கும் இடத்தைக் கணக்கிடுகின்றன. இருட்டில் அவை திணறிவிடும். மின்சாரம் போனால் பிஎஸ் விஆர் 2 அவ்வளவுதான், அது பிளேஸ்டேஷன் 5 விளையாட்டுப் பெட்டியின் கம்பியில் தொங்குவது. பேட்டரியில் ஓடும் மெட்டாவின் குவெஸ்ட் 3 ஹெட்செட் சுமார் இரண்டு மணி நேரம் தாங்கும், பக்கத்தில் ஓர் அவசர விளக்கு மட்டும் இருக்கட்டும். இன்னொன்று: ஹெட்செட்டை ஜன்னலோரம் வைத்துவிடாதீர்கள். லென்ஸ் வழியாக வெயில் குவிந்து திரையைப் பொசுக்கிவிடும்.

பதினொரு வயது மகன் கேட்டு அடம் பிடிக்கிறான். வாங்கித் தரலாமா?
– ஒரு தாய், இசிப்பிங்கோ

கருவி வேறு, விளையாட்டு வேறு, அம்மா. பெற்றோர் மேற்பார்வையிலுள்ள கணக்கோடு குவெஸ்ட் 10 வயது முதல் அனுமதிக்கிறது. சோனி 12 என்கிறது. விளையாட்டுக்குத் தனியாக நம் தென்னாப்பிரிக்கத் திரைப்பட, வெளியீட்டு வாரியத்தின் வயதுக் குறி இருக்கும். அதோடு ‘எச்’ என்ற எழுத்து இருந்தால் திகில் என்று பொருள். நான் என்றால் அந்த எழுத்தைப் பார்த்ததும் இந்த வயதுக்கு வேண்டாம் என்பேன்.

டிவியில் பயந்த பிள்ளை அடுக்களைக்கு ஓடிவிடும். இங்கே ஓட இடமில்லை. கண்ணை மூடினாலும் காதுக்குப் பின்னால் மூச்சு கேட்கும். ‘ஸ்விட்ச்பேக் விஆர்’ என்ற விளையாட்டின் ஒரு கட்டத்தில் நீங்கள் கண் சிமிட்டும்போதெல்லாம் பொம்மைகள் நகர்ந்து வரும்! ஏறத்தாழ 4,000 பேரில் ஒருவருக்குக் கடும் மயக்கமோ வலிப்போ வரலாம் என்று குவெஸ்ட் எச்சரிக்கையிலேயே இருக்கிறது; வீட்டில் யாருக்காவது வலிப்பு வந்ததுண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண விளையாட்டு என்றாலும் அவன் பார்ப்பதை டிவியிலும் ஓடவிட்டு, பக்கத்தில் உட்காருங்கள்.

கொடுக்கும் காசுக்குத் தகுமா?
– வாசகர், லெனேசியா

பல தகாது. இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும், ஒரே அலறலை மூன்று முறை விற்கும். உங்கள் கை கதவுக்குள் புகுந்து மறுபக்கம் வந்த நொடியில் பேயும் அட்டைப் பேயாகிவிடும். விதிவிலக்காக ‘தி வாக்கிங் டெட்: செயின்ட்ஸ் அண்ட் சின்னர்ஸ்’: மண்டையில் குத்திய கத்தி மாட்டிக்கொள்ளும், இழுத்துத்தான் எடுக்க வேண்டும். கன்ட்ரோலருக்குக் கனமில்லை என்பது அப்போது மறந்துபோகிறது. தனியாக ஆடப் பிடிக்காதவர்களுக்கு ‘பாஸ்மோஃபோபியா’. நான்கு பேர் சேரலாம், ஹெட்செட் இல்லாத நண்பர்களும் வரலாம். பேய் உங்களை வேட்டையாடக் கிளம்பியதும் வாயைத் திறக்காதீர்கள், உங்கள் குரலைக் கேட்டு வந்துவிடும்.

நம் ஊர்ப் பேய்கள் எப்போது வரும்?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

நானும் காத்திருக்கிறேன். டொக்கலோஷி என்ற குட்டைப் பிசாசுக்கு எட்டாமலிருக்கக் கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்துத் தூங்கிய வீடுகள் இந்த நாட்டில் எத்தனையோ. சீமாட்டியைப் பார்க்க அண்ணாந்தோம். இதற்கு முழங்காலிட்டு, நம் தலையை நாமே கட்டிலுக்கு அடியில் நீட்ட வேண்டும். யாராவது அதை விளையாட்டாகச் செய்தால் முதல் டிக்கெட் எனக்கு. குனிவதற்கு முன்னால் செங்கற்களை எண்ணிக்கொள்வேன்.