கொரில்லாவும் கடல்குதிரையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் பையன் ஏழாவது படிக்கிறான். ஆபத்துல இருக்கற ரெண்டு உயிரினத்தை ஒப்பிட்டு எழுதச் சொல்லி ஸ்கூல்ல புராஜெக்ட். கொரில்லாவையும் கடல்குதிரையையும் எடுத்திருக்கான். கடல்குதிரை ஒரு தடவைக்கே நூத்துக்கணக்குல குஞ்சு போடுதாமே, அது எப்படி சார் அழியும்?
(தொண்டி வாசகி)

பதில்: இந்த சந்தேகம் நிறைய பேருக்கு இருக்கும்மா. கொரில்லா ஒரு குட்டி போட்டா அடுத்தது வர சுமார் நாலு வருஷம் ஆகும், அதனால அதுதான் முதல்ல போயிடும்னு தோணும். ஆனா மலைக் கொரில்லா விஷயத்துல நடந்தது வேற. 1980கள்ல ருவாண்டா, உகாண்டா, காங்கோ எல்லையில இருக்கற விருங்கா மலைகள்ல சுமார் 250தான் மிச்சம். 2018ல, உகாண்டாவோட பிவிண்டி காட்டையும் சேர்த்து எண்ணினப்ப 1,063. எப்படின்னா, மனுஷங்களுக்குப் பழகின கூட்டங்கள்ல ஒவ்வொண்ணையும் ஆளு ஆளா அடையாளம் தெரிஞ்சு வெச்சிருக்காங்க, மூக்கு மேல இருக்கற சுருக்கம் ஒண்ணுக்கு இருக்கற மாதிரி இன்னொண்ணுக்கு இருக்காது, அத வரைஞ்சு வெச்சுக்கிட்டு தினமும் பின்னாடியே போறாங்க, கண்ணியில கை மாட்டினா கால்நடை டாக்டர் காட்டுக்குள்ளயே போய் எடுத்து விடறார். ருவாண்டாவுல 2005லேர்ந்து குட்டிகளுக்கு பேர் வைக்கறத ஊர்த் திருவிழாவாவே நடத்தறாங்க. அதுக்காக எல்லா கொரில்லாவும் தப்பிச்சிடுச்சுன்னு பையன் எழுதிடக் கூடாது. மேற்குத் தாழ்நிலக் கொரில்லா எண்ணிக்கையில எவ்வளவோ அதிகம், ஆனா எபோலாவும் இறைச்சி வேட்டையும் அத விடல.

கடல்குதிரைய இப்படி பேர் வெச்சு எண்ண முடியாதும்மா. பல வகைகள் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு சொல்லவே போதுமான தகவல் கிடையாது. குஞ்சு நூத்துக்கணக்குல வரும், அப்பன்தான் வயித்துப் பையில சுமந்து பெத்து விடும், அதுல வளர்ந்து பெருசாகறது ரொம்பக் கொஞ்சம். அதுக்கு இரைப்பையே கிடையாது, நாள் பூரா தின்னுக்கிட்டே இருக்கணும். நீச்சலும் சரியா வராது, வால கடல்புல்லுல சுத்திக்கிட்டு அப்படியே நிக்கும். அந்த புல்லு மேலயே இழுவை மடி (கடலடியில இழுத்துக்கிட்டுப் போற பெரிய வலை) போனா ஓடித் தப்பிக்க வழியே இல்ல. யாரும் அத நினைச்சு வலை போடல, இறாலுக்குப் போட்டதுல சேர்ந்து வருது. காய வெச்சா சீன மருந்துக்கு நல்ல விலை, அதனால வந்தத கடல்ல திருப்பி விடவும் மனசு வராது.

உங்க பக்கம் வயசான முங்குறவங்க இருந்தா பையன கூட்டிட்டுப் போய் கேக்கச் சொல்லுங்க. முன்னாடி சங்கு, கடலட்டை எடுக்க முங்கினவங்க கடல்குதிரையும் எடுத்து வித்திருக்காங்க, அப்ப அது குத்தமும் இல்ல. 2001லதான் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல புலி இருக்கற அதே முதல் அட்டவணையில இதையும் சேர்த்தாங்க. 2004லேர்ந்து உலக அளவுலயும் ஏற்றுமதிக்கு கட்டுப்பாடு வந்துச்சு.

என்னக் கேட்டா, கொரில்லாவுக்கு காவலுக்கு ஆள் போட்டு காப்பாத்தலாம், கடல்குதிரைக்கு அந்த புல்லுதான் காவல். 2022ல தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலோரமா 448 சதுர கிலோமீட்டர கடல்பசு பாதுகாப்பகமா அறிவிச்சாங்க இல்லையா, கடல்பசு மேயற அதே புல்லுலதான் இதுவும் வால சுத்திக்கிட்டு இருக்கு. கடத்தறவங்கள பிடிக்கறதும் வேணும்தான், ஆனா பிடிபடற மூட்டையில இருக்கறது எல்லாம் ஏற்கெனவே செத்தது. அதனால அந்த புல்லு மேல மடி இழுக்காம பாத்துக்கறதுதான் எனக்கு பெரிய வேலையா தெரியுது.

கேள்வி: வீட்டு மீன்தொட்டியில கடல்குதிரை வளர்க்கலாமா?
(தஞ்சாவூர் வாசகர்)

பதில்: வேண்டாங்க. நம்ம கடல்ல பிடிச்சத வெச்சிருந்தா கேஸ் ஆகும், அதுக்கும் மேல, உயிரோட இருக்கற குட்டிக் குட்டி இறால் மாதிரி தீனிய நாளைக்கு பல தடவை போடணும், ரெண்டு நாள் ஊருக்குப் போயிட்டு வந்தா செத்துக் கிடக்கும்.