புது மின்காரில் கருகல் வாடை

கேள்வி: கார் வாங்கி மூன்று வாரம்தான் ஆகிறது. இரவு முழுக்க வீட்டுப் பிளக்கில் சார்ஜ் ஏற்றுகிறோம். காலையில் கியூர்பிப்பிலிருந்து போர்ட் லூயிக்கு இறங்கும்போது கருகல் வாடை. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. பயப்பட வேண்டுமா?
– வாசகி, கியூர்பிப், மொரீஷியஸ்

பதில்: பெரும்பாலும் பிரேக்தான். மின்கார் இறங்கும்போது மோட்டாரே வேகத்தைக் குறைத்து, மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். 100 சதவீதம் நிறைந்த பேட்டரியில் அது திரும்பிச் சேர இடமில்லை. மோட்டார் வேகத்தைக் குறைக்க உதவாததால், இறக்கம் முழுவதையும் பிரேக்கே தாங்குகிறது. புது பிரேக் பேடிலுள்ள பிசின் சூடேறி வாடை அடிக்கும். மூன்று நாள் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்திப் பாருங்கள். வாடை போய்விட்டால் காரணம் அதுவே. ஒரு சக்கரத்தருகே மட்டும் அனல் அடித்தால் காலிப்பர் (பேடை டிஸ்க்கோடு அழுத்தும் பகுதி) இறுகியிருக்கலாம், வாரண்டியில் காட்டுங்கள். பிரேக் டிஸ்க்கைத் தொடாதீர்கள்.

எனக்கு அதைவிடக் கவலை உங்கள் வீட்டுப் பிளக்தான். 10 ஆம்பியர் மணிக்கணக்கில் ஓடினால், தளர்ந்த சாக்கெட் உருகும். மீன் வாடைபோல வரும். ஒரு மணி நேரம் சார்ஜ் ஆனபின் புறங்கையால் பிளக்கைத் தொடுங்கள். கை வைக்க முடியாத சூடோ பழுப்புக் கறையோ இருந்தால் சுவிட்சை அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியனிடம் தனி லைன் போடச் சொல்லுங்கள். அடாப்டரும் எக்ஸ்டென்ஷனும் வேண்டவே வேண்டாம்.

இனிப்பு வாடை என்றால் கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) கசிவாக இருக்கலாம்.

காரின் தரைக்கடியில், பேட்டரி இருக்கும் இடத்தில், சீறும் சத்தமோ வெண்புகையோ வந்தால் எல்லோரும் இறங்கி வெகுதூரம் விலகி, தீயணைப்பு எண் 115-ஐ அழையுங்கள்.