புரிகிறது என்ற சொல்

அன்புள்ள ஐயா,

ஆறு ஆண்டுகளாக உதவி இயக்குநராக இருக்கிறேன். தமிழ்வழியில் படித்தவன். விரைவில் ஒரு வெளிநாட்டுக் குழுவோடு வேலை செய்யப்போகிறேன். ஆங்கிலம் கேட்டால் புரிகிறது, வாயைத் திறந்தால் வரவில்லை. உச்சரிப்புக்குப் பயிற்சி வகுப்பில் சேரலாமா? கொரிய இயக்குநர் பாங் ஜூன் ஹோ மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டே ஆஸ்கர் வாங்கினார். நமக்கு மட்டும் ஏன் இந்தத் தவிப்பு?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

2020இல் பாங் ஜூன் ஹோ அந்த மேடையில் பெரும்பாலும் கொரிய மொழியில்தான் பேசினார். அவர் இயக்குநர். உதவி இயக்குநருக்கு யார் மொழிபெயர்ப்பாளர் வைப்பார்கள்? பல நாள் அந்த வேலையையே நீங்கள்தான் செய்ய வேண்டியிருக்கும். உழைத்துக் கற்க வேண்டியதைத் தள்ளிப்போட அவர் பெயரை இழுக்காதீர்கள்.

உச்சரிப்பை விடுங்கள். 1956இல் ஹங்கேரியிலிருந்து தப்பிப்போன ஒளிப்பதிவாளர் வில்மோஸ் சிக்மண்டின் ஆங்கிலத்தில் தாய்மொழியின் சாயல் கடைசிவரை இருந்தது. ஒளிப்பதிவுக்கான ஆஸ்கரை அது தடுக்கவில்லை.

'கேட்டால் புரிகிறது' என்று எழுதியிருக்கிறீர்களே, என்னை உட்காரவிடாமல் செய்தது அந்த வரிதான். என்ன புரிகிறது? கால்ஷீட் என்றால் நமக்கு நடிகர் கொடுக்கும் தேதி. அவர்களுக்கு அது மறுநாள் யார் எத்தனை மணிக்கு எங்கே வரவேண்டும் என்று முந்தைய நாளே கைக்கு வரும் தாள். அன்றைய படப்பிடிப்பு முடிந்தால் நாம் 'பேக்கப்' என்பதை அவர்கள் 'ராப்' என்பார்கள். ஒரு நாற்காலியை 'ஸ்ட்ரைக்' செய்யச் சொன்னால் அடிக்கச் சொல்லவில்லை, அப்புறப்படுத்தச் சொல்கிறார்கள். 'ஹாட் செட்' என்றால் அங்கே படப்பிடிப்பு இன்னும் முடியவில்லை, ஒரு குவளையைக்கூட நகர்த்தக் கூடாது. தெரியாத சொல்லால் பெரிய ஆபத்தில்லை, அது நம்மைக் கேட்கவைக்கும். தெரிந்ததுபோல் இருக்கும் சொல்தான் கழுத்தை அறுக்கும்.

அப்படி அறுபட்டவன் நான். ஒரு வெளிநாட்டுக் கூட்டுத் தயாரிப்பில் கடிதப் போக்குவரத்து என் பொறுப்பு. 'ரீ-ரெக்கார்டிங் முடிந்ததா?' என்று அங்கிருந்து கேட்டார்கள். இசையமைப்பாளர் பின்னணி இசையை முடித்துக் கொடுத்திருந்தார். நம் ஊரில் அதுதானே ரீ-ரெக்கார்டிங்? 'முடிந்தது' என்று ஒரே சொல்லில் பதில் அனுப்பினேன். அவர்கள் கேட்டதோ வசனம், இசை, ஒலிகள் எல்லாவற்றையும் சமன்செய்து ஒன்றாக்கும் இறுதிக் கலவையை. அது தொடங்கவே இல்லை. என் பதிலை நம்பி, படத்தை வாங்க வருபவர்களுக்குத் திரையிட நாள் குறித்துவிட்டார்கள். நடுவில் இரண்டு முறை சந்தேகம் வந்தது எனக்கு. கேட்டால் இது தெரியாதவன் என்று நினைப்பார்களே என்று வாயை மூடிக்கொண்டேன். கடைசியில் திரையிடல் ரத்தானது. என் இயக்குநர் என்னைத் திட்டவில்லை. அந்தக் கடிதத்தை அச்செடுத்து, 'முடிந்தது' என்ற சொல்லின் கீழே கோடு போட்டு மேசைமேல் வைத்திருந்தார். அதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

அதனால்தான் சொல்கிறேன், தலையாட்டாதீர்கள். புரிந்ததுபோல் சிரிக்காதீர்கள். சொன்னதை உங்கள் உடைந்த ஆங்கிலத்திலேயே திருப்பிச் சொல்லிச் சரியா என்று கேளுங்கள். 'நாற்காலியை எடுத்துவிட வேண்டும், அப்படித்தானே?' இந்த ஒரு வாக்கியத்துக்கு எந்த இலக்கணம் தடை? முகம் சுளித்தால் சுளிக்கட்டும். நடிகர் எங்கே நிற்க வேண்டும் என்று ஒளிப்பதிவாளரிடம் தமிழில் தயங்காமல் கேட்கிற நீங்கள், ஆங்கிலத்தில் மட்டும் ஏன் கூசுகிறீர்கள்? பத்து முறை கேட்டவனை நான் மதிக்கிறேன். கேட்காதவன்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது, அவன் நானாகவே இருந்தாலும்.

வகுப்பு கேட்டிருந்தீர்கள். சேர்ந்துகொள்ளுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் அதற்கு முன் நாம் தினமும் சொல்லும் ஆங்கிலச் சொற்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றும் அந்தக் குழுவில் எதைக் குறிக்கிறது என்று முதல் நாளே அவர்களுடைய உதவி இயக்குநரிடம் கேட்டுவிடுங்கள். கால்ஷீட்டிலிருந்து தொடங்குங்கள். ரீ-ரெக்கார்டிங்கை மறந்துவிடாதீர்கள்.

அன்புடன்