வாசகர் கேள்வி: நடைபாதை இருந்தும் சாலையில் நடக்கிறோம்

கேள்வி: எங்கள் தெருவில் அண்மையில் புதிய நடைபாதை அமைக்கப்பட்டது. அது முழங்கால் உயரத்துக்கு இருப்பதால் என் மாமியாரால் ஏற முடியவில்லை. மாம்பலம் ரயில் நிலையத்துக்குச் செல்வோரும் சாலையில்தான் நடக்கிறார்கள். யாருக்கும் பயன்படாத இந்த நடைபாதையை எடுத்துவிட்டுச் சாலையை அகலப்படுத்தும்படி கேட்கலாமா?
– வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: வேண்டாம், அம்மா. எடுக்கச் சொல்லாமல், சீர்செய்யச் சொல்லுங்கள். சாலையை அகலப்படுத்தினால் அந்த இடத்தில் மறுநாளே வண்டிகள் நிற்கும். உங்கள் மாமியார் இன்னும் நடுச்சாலைக்குத் தள்ளப்படுவார். பாதசாரிகளுக்காக, சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் 2012-இல் வெளியிட்ட நெறிமுறைகள், நடைபாதையின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்றும், மரம், மின்பெட்டி, கம்பம் எல்லாம் போக நடப்பதற்கென்றே குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. சென்னையில் பல இடங்களில் மழைநீர் வடிகாலின் மேல்மூடியே நடைபாதையாகிவிடுவதால், வடிகாலின் உயரம் எதுவோ அதுவே நடப்பவரின் தலையெழுத்தாகிறது.

உயரத்தைவிடப் பெரிய தொல்லை வீட்டு வாசல்கள். கார் உள்ளே செல்வதற்காக ஒவ்வொரு வாசலிலும் நடைபாதையை வெட்டிச் சரிவு வைப்பதால், முதியவர் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருமுறை இறங்கி ஏற வேண்டியிருக்கிறது. நடைபாதை ஒரே மட்டத்தில் தொடர வேண்டும். ஏறி இறங்க வேண்டியது கார்தான். இந்த ஒன்றைச் செய்தாலே பெரும்பாலானோர் சாலையை விட்டு நடைபாதைக்கு வந்துவிடுவார்கள்.

கேள்வி: மாம்பலத்தில்தான் ஆகாய நடைமேம்பாலம் கட்டிவிட்டார்களே, கீழேயும் ஏன் செலவு செய்ய வேண்டும்?
– வாசகர், தியாகராய நகர்

பதில்: 2023 மே மாதம் திறக்கப்பட்ட அந்த 570 மீட்டர் மேம்பாலம், ரயில் நிலையத்தையும் தியாகராய நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கிறது. ரங்கநாதன் தெரு நெரிசலில் சிக்காமல் ரயிலிலிருந்து பேருந்துக்கு மாற விரும்புவோருக்கு அது பெரும் உதவி. ஆனால் அதன் பயன் அந்த இரு முனைகளோடு முடிகிறது. வீட்டிலிருந்து நிறுத்தத்துக்கு வருகிறவர், கடைக்குப் போகிறவர், பள்ளிக்குப் பிள்ளையை அழைத்துச் செல்கிறவர் எல்லோரும் தரையில்தான் நடக்கிறார்கள். நிறுத்தம் வரை அச்சமின்றி நடக்க முடியாதவர் எவ்வளவு நல்ல பேருந்து விட்டாலும் ஏற மாட்டார். இருசக்கர வாகனத்தைத்தான் எடுப்பார். 2019 நவம்பரில் திறக்கப்பட்ட பாண்டி பஜார் நடைபாதை வளாகத்தில் மாலை வேளையில் சக்கர நாற்காலியில் வருவோரையும் காணலாம். அகலமும் சமமட்டமும் இருந்தால் யார் யார் வெளியே வருவார்கள் என்பதற்கு அதுவே சான்று.

நீங்கள் இருவரும் உங்கள் வார்டில் பகுதி மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் பகுதி சபைக் கூட்டத்தில் இதை எழுத்து மூலம் கொடுங்கள். ‘நடைபாதை சரியில்லை’ என்று பொதுவாக எழுதாமல், எந்த வாசலில் எத்தனை அங்குல உயரம், எந்த மின்பெட்டி வழியை மறிக்கிறது என்று அளந்து, படத்துடன் கொடுங்கள். சாலையை மறுபடி போடும்போது பழைய தாரைச் சுரண்டிய பிறகே போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் பிறப்பித்த உத்தரவையும் அதில் குறிப்பிடுங்கள். சுரண்டாமல் போட்டால் சாலை மட்டம் உயர்ந்துகொண்டே போகும், நடைபாதையையும் அதற்கேற்ப உயர்த்த வேண்டிவரும்.